சீன மூலிகைகளின் தரச் சோதனை: ஒரே ஓர் எண்ணை நம்பலாமா?

சீன மூலிகைப் பொருள்களை இறக்குமதி செய்யும் நிறுவனமொன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். விற்பவர் அனுப்பும் பகுப்பாய்வுச் சான்றிதழில் முக்கியச் சேர்மம் இத்தனை சதவீதம் என்று எச்.பி.எல்.சி. (சாற்றைத் திரவத்தோடு ஒரு குழாயில் ஓட்டி, சேர்மங்களைப் பிரித்து அளக்கும் திரவக் குரோமட்டோகிராஃபி முறை) முடிவு இருக்கும்போது, அதையே நாமும் ஒருமுறை சரிபார்த்துவிட்டால் போதாதா, இத்தனை வகைச் சோதனைகள் எதற்கு என்பது உங்கள் கேள்வி.

போதாது. எச்.பி.எல்.சி. தரும் எண் சரியாகவே இருக்கலாம். ஆனால் 'இந்தப் பொடியில் இந்தச் சேர்மம் எவ்வளவு இருக்கிறது' என்ற ஒரு கேள்விக்குத்தான் அது விடை. பொடி எந்தச் செடியின் எந்தப் பகுதி, அதில் இருக்கக் கூடாதது ஏதேனும் இருக்கிறதா, அளந்த சேர்மம் செடியிலேயே விளைந்ததா அல்லது பின்னர் யாரேனும் கொட்டிக் கலந்ததா என்பவை வேறு கேள்விகள். ஒரு மூலிகை எந்தெந்த வழியில் கெடும், எதன் பெயரில் எதை விற்பார்கள் என்பதை முதலில் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகே கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. இங்கே நான் தரும் வரம்புகள் சீன அரசின் மருந்து நியம நூலின் 2020 பதிப்பை ஒட்டியவை. 1953இல் முதன்முதலாக வெளிவந்த அந்த நூலின் 2020 பதிப்பில் மொத்தம் 5911 பொருள்களுக்கு நியமங்கள் இருக்கின்றன; அவற்றுள் 2711 மரபு மருந்துகளுக்குரிய முதல் தொகுதியில் அடங்கியவை. 2025 அக்டோபர் முதல் புதிய பதிப்பு நடைமுறைக்கு வந்துவிட்டதால், வேலையில் பயன்படுத்தும்முன் ஒவ்வோர் எண்ணையும் புதிய பதிப்போடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் துறையில் இருப்பவர்கள் மறக்கக் கூடாத நிகழ்வு பெல்ஜியத்தில் நடந்தது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் எடையைக் குறைக்கச் சிகிச்சை பெற்ற பெண்கள் சிலருக்குச் சிறுநீரகம் வேகமாகச் செயலிழந்தது. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட மாத்திரைகளில் 'ஃபாங்ஜி' என்ற சீன மூலிகை, அதாவது ஸ்டெபானியா டெட்ராண்ட்ரா என்னும் கொடியின் வேர், சேர்க்கப்பட்டதாக ஆவணங்கள் கூறின. பொடிகளைப் பகுத்துப் பார்த்தபோது அந்த வேரில் கட்டாயம் இருக்க வேண்டிய டெட்ராண்ட்ரின் என்ற சேர்மம் பெரும்பாலான சரக்குத் தொகுதிகளில் காணப்படவில்லை. அதற்குப் பதிலாகச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் இருந்தது. பெயரில் ஓரெழுத்து கூடிய 'குவாங் ஃபாங்ஜி', அதாவது அரிஸ்டோலோகியா ஃபாங்சி என்னும் வேறொரு குடும்பத்துச் செடி, இடம் மாறி வந்திருந்தது. நூறுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். பின்னாளில் முன்னெச்சரிக்கையாகச் சிறுநீரகங்களையும் சிறுநீர்க்குழாய்களையும் அகற்றிக்கொண்ட 39 பேரில் 18 பேருக்கு அந்தத் திசுக்களில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டதை 2000இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது.

இதில் மோசடி நடந்ததென்று சொல்வதைவிடப் பெயர்க் குழப்பம் நடந்தது என்று சொல்வதே பொருந்தும். சீன வணிகத்தில் ஒரே பெயரின் கீழ் இரண்டு மூன்று செடிகள் புழங்குவது பழைய வழக்கம். நம் நாட்டு மருந்துக் கடைகளிலும் ஒரே பெயரைச் சொன்னால் ஊருக்கு ஒரு செடி எடுத்துக் கொடுப்பதுண்டு. சீனா 2003இல் குவான் மூதோங் என்ற மற்றோர் அரிஸ்டோலோகியா மூலிகையையும், 2004இல் குவாங் ஃபாங்ஜியையும் தடை செய்தது. அதே அமிலத்தைச் சிறிதளவு கொண்ட ஷிஷின் என்னும் மூலிகையில் எடுத்த முடிவுதான் என்னை அதிகம் கவர்ந்தது. முன்பு முழுச் செடியையும் மருந்தாக ஏற்ற நியம நூல், 2005 பதிப்பிலிருந்து வேரையும் கிழங்கையும் மட்டுமே ஏற்றது. நிலத்துக்கு மேலே உள்ள பகுதியில்தான் அமிலம் அதிகம் என்பதே காரணம். அரிஸ்டோலோகிக் அமிலம்-ஒன்று 0.001 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பும் சேர்ந்தது. ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்பதால், எச்.பி.எல்.சி.யே இதை அளந்துவிடும். கூட்டு மாத்திரைகளில், இருபது முப்பது மூலிகைகளின் இரைச்சலுக்கு நடுவே, இதைவிடப் பல மடங்கு குறைந்த அளவில் தேட வேண்டியிருந்தால், மூலக்கூறின் நிறையையும் அது உடைந்த துண்டுகளின் நிறையையும் அளக்கும் இரட்டை நிறை நிறமாலைமானியோடு இணைந்த திரவக் குரோமட்டோகிராஃபி தேவைப்படும். அம்மோனியம் அயனியோடு சேர்ந்து 359 என்ற நிறையில் தெரியும் இந்த அமிலம், உடைந்து 298 என்ற துண்டைத் தரும். இவ்விரண்டும் சரியான நேரத்தில் சேர்ந்து தோன்றினால்தான் அது இருக்கிறது என்று எழுதலாம்.

ஆகவே முதல் வேலை அடையாளம் காண்பது. இதற்கு இன்றும் முதலில் நிற்பது நுண்ணோக்கிதான். 1977 பதிப்பிலிருந்தே பொடி நுண்ணோக்கல் நியம நூலில் இடம்பெற்று வருகிறது. கொரிய ஜின்செங் என்று நாம் அழைக்கும் ரென்ஷென் வேரின் பொடியை ஒரு சிட்டிகை எடுத்து, குளோரல் ஹைட்ரேட் கரைசலில் லேசாகச் சூடாக்கினால் மாவுப்பொருள் கரைந்து, மற்றவை தெளிவாகத் தெரியும். மஞ்சள் கட்டிகள் அடைத்த பிசின் குழாய்த் துண்டுகளும், 20 முதல் 68 மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள, முனைகள் கூர்மையான கால்சியம் ஆக்சலேட் கொத்துப் படிகங்களும் அதன் அடையாளங்கள். ருபார்ப் வேரிலும் இதே கொத்துப் படிகங்கள் உண்டு. ஆனால் அவை 160 மைக்ரோமீட்டர் வரை வளர்ந்து, முனைகள் பெரும்பாலும் மழுங்கியிருக்கும். முனைவாக்கிய ஒளியில் பார்த்தால் படிகங்கள் இருட்டில் நட்சத்திரங்கள்போல் மின்னும். மாவுத்துகளைப் பார்க்க வேண்டுமானால் குளோரல் ஹைட்ரேட் உதவாது. தண்ணீரிலோ கிளிசரினிலோ தனியே வைத்துப் பார்க்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆனால் பழகிய கண் வேண்டும், அதற்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும். புதிய ஆய்வகங்கள் பலவும் நிறமாலைமானி வாங்க முந்துகின்றனவே தவிர, நுண்ணோக்கியில் ஒருவரை உட்கார வைப்பதில்லை.

நுண்ணோக்கிக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. சாராயத்தில் ஊறவைத்துச் சத்தை எடுத்துவிட்டு, சக்கையை உலர்த்தி அரைத்த ஜின்செங்கிலும் படிகமும் பிசின் குழாயும் அப்படியே இருக்கும். உருவம் சரி, சாரம் இல்லை. அதைப் பிடிப்பது மெல்லிய அடுக்குக் குரோமட்டோகிராஃபி. சிலிக்கா ஜெல் பூசிய தட்டில் மாதிரிச் சாற்றையும், அருகிலேயே உண்மையான ஜின்செங் வேரின் சாற்றையும், ஜின்செங்கின் முக்கியச் சேர்மங்களான தூய ஜின்செனோசைடுகளையும் புள்ளிகளாக வைத்து, குளோரோஃபார்ம், எத்தில் அசிட்டேட், மெத்தனால், தண்ணீர் ஆகியவற்றை 15:40:22:10 என்ற விகிதத்தில் கலந்து 10 பாகை செல்சியஸுக்குக் கீழே வைத்துப் பிரிந்த கீழ் அடுக்கில் ஏறவிடுவார்கள். பிறகு பத்து சதவீதக் கந்தக அமிலச் சாராயத்தைத் தெளித்து 105 பாகையில் சூடாக்கினால், பகலொளியில் செவ்வூதாப் புள்ளிகளும் 365 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் ஒளிரும் புள்ளிகளும் வரிசையாகத் தோன்றும். மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் கூடினால் புள்ளிகள் ஏறும் உயரமே மாறிவிடும். அதனால்தான் உண்மையான மூலிகையின் சாறு அதே தட்டில் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று நியமம் வற்புறுத்துகிறது. புத்தகத்தில் அச்சான உயர எண்ணோடு மட்டும் ஒப்பிடுவதை நான் ஏற்க மாட்டேன்.

ஜின்செங்கிலேயே அடுத்த சிக்கல், ஆசிய வகைக்கும் அமெரிக்க வகைக்கும் உள்ள குழப்பம். இரண்டும் ஒரே பேரினம். உலர்ந்த வில்லைகளில் வித்தியாசம் காண்பது எளிதன்று. ஆசிய வகையில் ஜின்செனோசைடு ஆர்.எஃப். உண்டு, அமெரிக்க வகையில் இல்லை. அமெரிக்க வகையில் சூடோஜின்செனோசைடு எஃப்-11 உண்டு, ஆசிய வகையில் அது அனேகமாக இல்லை. இவ்விரண்டும் ஒரே மூலக்கூறு வாய்பாடு கொண்டவை; நிறையும் ஒன்றே. வெறும் நிறையை மட்டும் பார்க்கும் முறை இங்கே தடுக்கி விழும். வெளிவரும் நேரத்தையும், உடையும் துண்டுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலும் எஃப்-11 புற ஊதா ஒளியை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. ஆகவே வழக்கமான புற ஊதா உணர்கருவியில் அது இல்லாததுபோலவே தோன்றும். மற்ற ஜின்செனோசைடுகளையே 203 நானோமீட்டரில், அதாவது கரைப்பானே குறுக்கிடத் தொடங்கும் விளிம்பில்தான் அளக்கிறோம். ஆவியாக்கி ஒளிச்சிதறலைக் கணக்கிடும் உணர்கருவியோ நிறை நிறமாலைமானியோ இல்லாத ஆய்வகம் 'எஃப்-11 காணப்படவில்லை' என்று எழுதினால், அந்த வரிக்கு எந்த மதிப்பும் இல்லை.

நமக்கு நெருக்கமான பொருளொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரியாணியில் போடும் அன்னாசிப்பூ சீன நியம நூலிலும் மருந்துதான். அதைப்போலவே எட்டு இதழ் விரித்த காயுடைய ஜப்பானிய இனத்தில் அனிசாடின் என்ற வலிப்பைத் தூண்டும் நஞ்சு இருக்கிறது. 2001இல் நெதர்லாந்தில் அன்னாசிப்பூ சேர்ந்த மூலிகைத் தேநீர் குடித்தவர்களுக்கு வலிப்பும் வாந்தியும் வந்ததற்கு இந்தக் கலப்பே காரணமாயிற்று. மணம் தரும் அனெத்தோலை அளந்தால் நல்ல காயின் அளவு சரியாக இருக்கும்வரை கலப்பு மறைந்தே இருக்கும். அனிசாடினைத்தான் தேட வேண்டும்.

டி.என்.ஏ. முறைகளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2010 பதிப்பில் முதன்முதலாக இவை நியம நூலுக்குள் வந்தன: இரண்டு பாம்பு மருந்துகளுக்கும், சுவான்பெய்மூ என்ற இருமல் மருந்துக் கிழங்குக்கும். சுவான்பெய்மூ விலையுயர்ந்தது, அதே பேரினத்தைச் சேர்ந்த மலிவான கிழங்குகள் அதன் பெயரில் விற்கப்படுகின்றன. பெரிய செதில் ஒன்று சிறிய செதிலை அணைத்திருக்கும் அதன் உருவத்தை 'மார்பில் அணைத்த நிலா' என்று சீன வணிகர்கள் அழகாகச் சொல்வார்கள். பொடியாக்கிவிட்டால் நிலாவும் இல்லை, மார்பும் இல்லை. அப்போது டி.என்.ஏ.வைப் பெருக்கி, ஸ்மா-ஒன்று என்ற நொதியால் வெட்டிப் பார்ப்பார்கள். உண்மையான சுவான்பெய்மூவின் மரபுத் தொடரில் அந்த நொதி அடையாளம் காணும் இடம் இருக்கிறது; வெட்டுப்பட்டு, 100 முதல் 250 டி.என்.ஏ. கார இணைகள் நீளத்துக்கிடையே இரண்டு பட்டைகள் ஜெல்லில் தோன்றும். மற்றவை வெட்டுப்படாமல் ஒரே பட்டையாக நிற்கும். இப்போது ஐ.டி.எஸ்.-2 என்ற பகுதியின் தொடரைப் படிக்கும் பார்கோடு முறைக்கும் வழிகாட்டு நெறி உண்டு.

ஆனாலும் இதைச் சர்வரோக நிவாரணியாக எண்ண வேண்டாம். டி.என்.ஏ. இனத்தைச் சொல்லும், வேரா இலையா என்று சொல்லாது, எத்தனை ஆண்டு வளர்ந்தது என்று சொல்லாது, சக்கையா சாரமா என்றும் சொல்லாது. மணிக்கணக்கில் கொதித்த சாற்றிலும் தூளாக்கிய எக்ஸ்டிராக்ட்டிலும் அது சிதைந்துபோயிருக்கும். கழுதைத் தோலைக் காய்ச்சி எடுக்கும் அஜியாவ் என்ற பசையில் இதற்கு மாற்றாகக் கையாளும் வழி நயமானது. டி.என்.ஏ. சிதைந்தாலும் தோலின் கொலாஜன் புரதம் எஞ்சியிருக்கும். அதை டிரிப்சின் நொதியால் 37 பாகையில் 12 மணி நேரம் செரிக்கவிட்டு, வெளிவரும் புரதத் துண்டுகளில் கழுதைக்கே உரிய, 539.8 என்ற நிறை-மின்னூட்ட விகிதமுடைய ஒன்றை நிறை நிறமாலைமானியில் தேடுகிறார்கள். அது 612.4, 923.8 ஆகிய இரு துண்டுகளாக உடைவதையும் காட்ட வேண்டும். மாட்டுத் தோலும் குதிரைத் தோலும் இந்தத் தேர்வில் தோற்றுவிடும். கழுதைப் பசையோடு மாட்டுப் பசையைக் கலந்திருந்தால் இந்தத் துண்டு இருக்கத்தான் செய்யும். ஆகவே மற்ற விலங்குகளுக்குரிய துண்டுகளையும் தேடாமல் விடக் கூடாது.

இனி நீங்கள் கேட்ட அந்த எண்ணுக்கு வருவோம். அளவறிதலுக்கு எச்.பி.எல்.சி.யை விஞ்சியது அன்றாட ஆய்வகத்தில் இல்லை என்பதில் எனக்கும் ஐயமில்லை. டான்ஷென் வேரில் மூன்று டான்ஷினோன்கள் சேர்ந்து 0.25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, சால்வியானோலிக் அமிலம்-பி 3.0 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று இரண்டு வரம்புகள் இருக்கின்றன. முன்னவை எண்ணெயில் கரைபவை, பின்னது நீரில் கரைவது. இப்படி இரு பக்கமும் பார்ப்பது நல்ல நியமம். ஒப்பீட்டுப் பொருள்களின் விலைதான் நடைமுறைத் தடை. மில்லிகிராம் கணக்கில் விற்கும் தூய சேர்மங்களை ஒவ்வொரு முறையும் வாங்க இயலாது. இதற்காகவே ஹுவாங்லியான் கிழங்குக்கு 2010 பதிப்பில் ஒரு வழி வகுத்தார்கள். மலிவாகக் கிடைக்கும் பெர்பெரினை மட்டும் ஒப்பீட்டுப் பொருளாக ஏற்றி, வரைபடத்தில் அது எழுப்பும் உச்சியின் பரப்பைக் கொண்டே எபிபெர்பெரின், காப்டிசின், பால்மட்டின் ஆகியவற்றையும் கணக்கிடலாம். 345 நானோமீட்டரில் அளக்கும்போது, பெர்பெரின் 5.5, காப்டிசின் 1.6, பால்மட்டின் 1.5, எபிபெர்பெரின் 0.80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. டான்ஷினோன்களுக்கு 2015 பதிப்பில் இதே வழி, ஒவ்வொரு சேர்மத்தின் பரப்பையும் ஒப்பீட்டுப் பொருளின் பரப்போடு பொருத்தும் திருத்தக் காரணிகளோடு வந்தது. புதிய கருவியில் முதன்முறை செய்யும்போது மட்டுமாவது எல்லா ஒப்பீட்டுப் பொருள்களையும் வாங்கி அந்தக் காரணிகள் உங்கள் தூணிலும் (சேர்மங்களைப் பிரிக்கும் குழாய்) பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; உச்சியை மாற்றிப் பெயரிடும் பிழை இந்த முறையில்தான் அதிகம் நேர்கிறது.

அளவறி சோதனையின் பலவீனத்தைக் காட்டச் சிறந்த உதாரணம் கிங்கோ இலைச் சாறு. இந்தச் சாறு ஐரோப்பாவில் உருவான தயாரிப்பு. மரமும் இலையின் பெரும்பகுதியும் சீனாவுடையவை. ஃபிளேவனால் கிளைக்கோசைடுகள் 24 சதவீதம், டெர்பீன் லாக்டோன்கள் 6 சதவீதம் இருக்க வேண்டும் என்பது நியமம். கிளைக்கோசைடுகள் பல என்பதால், சோதனையில் அமிலமிட்டுச் சர்க்கரையைப் பிரித்து, எஞ்சும் குவர்செட்டின், கெம்ப்ஃபெரால், ஐசோராம்னெட்டின் என்ற மூன்றை மட்டும் அளந்து, கூட்டுத்தொகையை 2.51ஆல் பெருக்குகிறோம். இந்தச் சுருக்கு வழியிலேயே ஓட்டை இருக்கிறது. சோஃபோரா மரப்பூவிலிருந்து மலிவாக எடுக்கும் ரூட்டினும் அமிலத்தில் குவர்செட்டினாகவே மாறும். அதைக் கலந்தால் தரமற்ற சாறும் 24 சதவீதத்தைத் தாண்டிவிடும். 2015இல் சீன மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம் கிங்கோ தயாரிப்புகளில் பெரிய அளவில் நடவடிக்கை எடுக்க வேண்டியிருந்தது கிங்கோ சாற்றுத் தயாரிப்பில் நடந்த முறைகேடுகளுக்காகத்தான். பாலில் மெலமைனைக் கலந்து புரத அளவை உயர்த்திக் காட்டிய 2008ஆம் ஆண்டு ஊழலும் இதே தர்க்கம்தான்: புரதத்தைக் கணிக்கும் சோதனை நைட்ரஜனைக் கேட்டது, அவர்கள் நைட்ரஜனைக் கொடுத்தார்கள். நியம நூலைக் கலப்படக்காரரும் வாங்கிப் படிக்கிறார்.

இதற்கு மாற்று, விகிதங்களைப் பார்ப்பது. இயற்கையான கிங்கோ இலையில் குவர்செட்டினும் கெம்ப்ஃபெராலும் ஏறக்குறையச் சமமாக இருக்கும். ஆகவே இரண்டின் உச்சிப் பரப்பு விகிதம் 0.8 முதல் 1.2 வரை, ஐசோராம்னெட்டினுக்கும் குவர்செட்டினுக்கும் உள்ள விகிதம் 0.15க்கு மேல் என்று கட்டுப்பாடு வந்தது. ரூட்டினைக் கொட்டினால் முதல் விகிதம் உடனே எகிறும். சோஃபோரா காயின் சாற்றைக் கலந்தால் கிங்கோவில் எதிர்பார்க்கக் கூடாத ஜெனிஸ்டீன் தலைகாட்டும். அமிலமிடாத சாற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, கிளைக்கோசைடுகள் தத்தம் இடத்தில் இருக்கின்றனவா என்று கவனிப்பது என் வழக்கம். பத்து வரி எண்களைவிட அந்த ஒரு படம் அதிகம் பேசும்.

அந்தப் படத்தை முழுமையாகப் பயன்படுத்துவதுதான் 'விரல்ரேகை' என்னும் முறை. பெயரிடப்பட்ட ஓரிரு சேர்மங்களை விட்டுவிட்டு, குரோமட்டோகிராம் என்னும் அந்த வரைபடத்தின் எல்லா உச்சிகளையும் ஒரே உருவமாகக் கொண்டு, நல்ல தொகுதிகளின் சராசரி உருவத்தோடு ஒப்பிடுவார்கள். 2000இல் சீனா மூலிகை ஊசி மருந்துகளுக்கு இதைக் கட்டாயமாக்கத் தொடங்கியது. ஒப்புமையைக் கணக்கிட நியம நூல் ஆணையமே மென்பொருள் வெளியிட்டது. உச்சிகளின் பரப்புகளை ஒரு திசையனாக எண்ணி, இரு திசையன்களுக்கிடையே உள்ள கோணத்தின் கோசைனைக் கண்டுபிடிப்பதே கணக்கு. 0.90க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

இந்த எண்ணை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். நல்ல மாதிரியில் ஐந்து இடங்களில் உச்சிகளின் பரப்பு 100, 60, 40, 10, 0 என்று வைத்துக்கொள்வோம். சந்தேக மாதிரியில் நான்காவது உச்சி முற்றிலும் காணாமல் போய், ஐந்தாவது இடத்தில் அந்நிய உச்சியொன்று 10 என்ற அளவில் முளைத்திருக்கிறது: 100, 60, 40, 0, 10. பெருக்கற்பலன் 15200, இரு திசையன்களின் நீளங்களைப் பெருக்கினால் 15300. ஒப்புமை 0.993! மருந்துக்குரிய ஒன்று இல்லாமல் போயிருக்கிறது, நஞ்சாக இருக்கக்கூடிய ஒன்று வந்திருக்கிறது, மென்பொருளோ கைதட்டுகிறது. இன்னொன்று: எல்லா உச்சிகளும் சரிபாதியாகக் குறைந்து 50, 30, 20, 5, 0 என்று இருந்தால் ஒப்புமை 1.000. தண்ணீர் ஊற்றிய சாறும் முழு மதிப்பெண் வாங்கிவிடும். ஆகவே விரல்ரேகையை அளவறிதலோடு சேர்த்தே படிக்க வேண்டும். புதிய உச்சி எதுவும் இல்லை என்பதைக் கண்ணாலும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பெரிய உச்சிகளின் ஆதிக்கத்தைக் குறைக்க ஒவ்வோர் உச்சியையும் அதன் இயல்பான ஏற்ற இறக்கத்தால் வகுத்துவிட்டு, பல எண்களை ஓரிரு அச்சுகளில் சுருக்கிக் காட்டும் முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு செய்வது இன்னும் நல்ல வழி.

நச்சு மூலிகைகளில் அளவறிதல் வேறு பொருள் பெறுகிறது. ஃபூட்ஸு என்பது நம் சித்த மருத்துவத்தின் நாபிக்கு உறவான கிழங்கு. சிச்சுவான் மாகாணத்தின் ஜியாங்யூ பகுதி அதற்குப் பேர்போனது. நாபியைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கக் கூடாது என்று சித்தர்கள் வகுத்ததைப்போலவே அங்கும் உப்பு நீரில் ஊறவைத்து, வேகவைத்து, அலசி எடுப்பார்கள். இதன் வேதியியல் தெளிவானது: அகோனிட்டின், மெசகோனிட்டின், ஹைப்பகோனிட்டின் என்னும் இரட்டை எஸ்டர் ஆல்கலாய்டுகள் வெப்பத்திலும் நீரிலும் அசிட்டைல் தொகுதியை இழந்து, நஞ்சு பலமடங்கு குறைந்த ஒற்றை எஸ்டர்களாக மாறுகின்றன. எனவே நியமத்தில் மேல் வரம்பும் கீழ் வரம்பும் சேர்ந்தே இருக்கின்றன: இரட்டை எஸ்டர்கள் 0.020 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒற்றை எஸ்டர்கள் 0.010 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. முதலாவது சுத்தி போதாமையையும், இரண்டாவது அளவு கடந்து அலசி மருந்தையே வெளியேற்றிவிட்டதையும் பிடிக்கும்.

வரம்பைக் கணக்காகப் பாருங்கள். ஒரு கிராமுக்கு 0.2 மில்லிகிராம், ஒரு நாளைய அளவு 3 முதல் 15 கிராம். ஆக, சோதனையில் தேறிய கிழங்கிலும் 15 கிராமுக்கு 3 மில்லிகிராம் வரை இரட்டை எஸ்டர் இருக்கலாம். தூய அகோனிட்டின் சில மில்லிகிராமே உயிரைப் பறிக்கும் என்பதை நினைத்தால் இது இடைவெளியே இல்லாத வரம்பு. 'மற்ற மூலிகைகளுக்கு முன்பே இதைப் போட்டு நெடுநேரம் கொதிக்கவிடவும்' என்று அதே பக்கத்தில் எழுதியிருக்கும் கட்டளையும் சேர்ந்துதான் பாதுகாப்பு. கொதிக்கவைக்காமல் அப்படியே விழுங்கும் மாத்திரையில் இதே கிழங்கைப் போடுபவர், மூலப்பொருளின் சான்றிதழைக் காட்டித் தப்பிக்கக் கூடாது. முடிந்த மாத்திரையையே அளக்கச் சொல்ல வேண்டும்.

வெளியிலிருந்து வரும் மாசுகளில் முறைகள் ஏறத்தாழத் தீர்க்கமாகிவிட்டதால் விரைவாகச் சொல்கிறேன். உலோகங்களைத் தூண்டப்பட்ட பிளாஸ்மா நிறை நிறமாலைமானி ஒரே ஓட்டத்தில் அளக்கும். வழிகாட்டு வரம்புகள் கிலோவுக்கு ஈயம் 5, ஆர்செனிக் 2, காட்மியம் 1, பாதரசம் 0.2, தாமிரம் 20 மில்லிகிராம். பாதரசத் தாதுவான சாதிலிங்கம் சேர்ந்த மருந்துகளில் மொத்தப் பாதரசத்தை அளப்பது பொருளற்றது. அங்கே கேள்வி எவ்வளவு கரைகிறது, எந்த வடிவில் இருக்கிறது என்பது. ஆகவே வடிவங்களைப் பிரித்து அளக்கும் கூட்டு முறை வேண்டும். செடி மூலிகைகளில் 33 தடை செய்யப்பட்ட பூச்சிமருந்துகள் அளவறி எல்லைக்கு (நம்பி அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு) மேல் தென்படக் கூடாது. பூஞ்சை உண்டாக்கும் நஞ்சான அஃப்ளாடாக்சின் பி-1 கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், நான்கு வகையும் சேர்ந்து 10 மைக்ரோகிராம் என்பது வரம்பு. எண்ணெய் நிறைந்த விதைகளில்தான் இது அதிகம் தலைதூக்கும்.

கந்தகப் புகை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டியது. வெளுப்பாகக் காட்டவும் பூச்சி அரிக்காமல் வைக்கவும் புகையிடுகிறார்கள். எஞ்சிய கந்தக டைஆக்சைடு பொதுவாகக் கிலோவுக்கு 150 மில்லிகிராம், குறிப்பிட்ட பத்து மூலிகைகளில் 400 என்று வரம்பு. ஆனால் அது நாள்பட ஆவியாகிக் குறையும். கிடங்கில் சில மாதம் கிடந்தால் தேறிவிடலாம். பாய்ஷாவ் என்ற பியோனி வேரில் புகை விட்டுச் செல்லும் தடயம் வேறு: பியோனிஃப்ளோரின் சல்ஃபோனேட்டாக மாறி வேரிலேயே தங்கிவிடும். அந்தச் சல்ஃபோனேட்டை நிறை நிறமாலைமானியில் தேடினால், வாயு போன பிறகும் புகையிட்டது தெரியும்.

ஆயத்த மாத்திரைகளாக வருபவற்றில் இன்னொரு தேடல் கட்டாயம். எடைகுறைப்புக்கு சிபுட்ராமின், ஆண்மைக்கு சில்டெனாஃபில், மூட்டுவலிக்கு ஸ்டீராய்டு என்று நவீன மருந்துகளை நேரடியாகக் கலப்பது உலகெங்கும் பிடிபட்டிருக்கிறது. அமெரிக்காவில் புரோஸ்டேட் புற்றுநோயாளிகள் நம்பி வாங்கிய பி.சி.-ஸ்பெஸ் என்ற எட்டு மூலிகைக் கலவை, இரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்துகள் அதில் இருப்பது தெரிந்து 2002இல் திரும்பப் பெறப்பட்டது. அறிந்த மருந்துகளின் பட்டியலை மட்டும் தேடினால், மூலக்கூறில் ஒரு மெத்தில் தொகுதியை மாற்றிய உறவுக்காரச் சேர்மம் தப்பிவிடும். உயர் துல்லிய நிறை நிறமாலைமானியில் பொதுவான துண்டுகளைத் தேடுவதே இங்கே பயன்படும்.

கடைசியாக, எல்லா முறைகளுக்கும் முன்னால் நிற்கும் மாதிரி எடுத்தல். ஐந்துக்குக் குறைவான மூட்டைகள் என்றால் எல்லாவற்றிலும், 5 முதல் 99 வரை ஐந்து மூட்டைகளில், 100 முதல் 1000 வரை ஐந்து சதவீதத்தில், அதற்கு மேற்பட்டவற்றில் ஒரு சதவீதம் கூடுதலாக, விலையுயர்ந்தவையாயின் ஒவ்வொரு மூட்டையிலும் எடுக்க வேண்டும் என்பது சீன நியமம். மேல் மூட்டையில் ஒரு கைப்பிடி அள்ளிக் கொண்டுவந்த பொடியில் அஃப்ளாடாக்சின் இல்லை என்ற முடிவு, அந்தக் கைப்பிடிக்கு மட்டுமே பொருந்தும். பூஞ்சை மூட்டையின் ஒரு மூலையில்தான் குடியிருக்கும்.

உங்கள் மேசைக்கு வரும் சான்றிதழில் செடியின் தாவரவியல் பெயரும் பயன்பட்ட பகுதியும் எழுதப்பட்டிருக்கின்றனவா, அடையாளச் சோதனை எந்த முறையில் செய்யப்பட்டது, அந்த மூலிகைக்கே உரிய கலப்படச் சேர்மத்தைப் பெயர் சொல்லித் தேடியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அடுத்து, எண்களோடு நில்லாமல் குரோமட்டோகிராமின் மூலக்கோப்பையும் ஒப்பீட்டுப் பொருளின் ஓட்டத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். பத்து தொகுதிகளுக்கும் ஒரே படத்தை, ஓட்டிய நேரத்தைக்கூட மாற்றாமல், அனுப்பும் விற்பனையாளரை நீங்கள் சீக்கிரமே சந்திப்பீர்கள்.